ஐஸ் பக்டரி மண்ணுக்கு ஐஸ்

கைவிட்ட தொழிற்சாலைகளின் மண்ணில் நஞ்சு இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பது என் தொழில். ஒரு குழி தோண்ட எங்களுக்கு அரை மணித்தியாலம் போதும், ஏன் தோண்டுகிறோம் என்று ஊருக்குச் சொல்லி முடிக்கத்தான் அரை நாள் போய்விடும்.

மின்கம்பத்தில் ஏறுகிறவர்கள், காணி அளக்கிறவர்கள், றோட்டுப் போடுகிறவர்கள், அதாவது வெயிலில் பத்துப் பேர் சுற்றி நின்று பார்க்க வேலை செய்து பழகியவர்கள் எல்லாருக்கும் நான் சொல்லப்போவது விளங்கும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சும்மா நின்று பார்க்கலாம். எங்களுக்கு அது பழக்கம்.

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மன்னார்த் தீவில் கீரி என்ற ஊருக்கு அங்கால், கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பழைய ஐஸ் பக்டரி. சண்டைக் காலத்தில் மூடியது, பிறகு திறக்கவே இல்லை. கூரை பறந்துவிட்டது. என்ஜின் அறையின் நாலு சுவரும் எண்ணெய்த் தாங்கி இருந்த கொங்கிறீட் மேடையும் மட்டும் மிச்சம். அந்தக் காணியைக் கருவாடு போடுகிற பெண்களின் சங்கம் கேட்டிருந்தது. "மண்ணைச் சோதித்த பிறகு தருகிறோம்" என்று காணிக் கந்தோரில் சொல்லிவிட்டார்கள். சங்கத் தலைவி றீத்தா அக்காவின் வீடு பக்டரி மதிலுக்கு அடுத்த பக்கம். சோதிக்க வந்தவர்கள் நானும் சிவநேசனும். சிவநேசன் குழி தோண்டுவான். நான் தோண்டியதைப் போத்தலில் அடைத்துப் பெயர் எழுதுவேன். சண்டை வந்தால் பதில் சொல்வதும் நான்தான். அவன் அந்த நேரம் பார்த்துக் குழிக்குள் குனிந்துவிடுவான்.

அப்பாவின் கணக்கு

எனக்கு ஊர் உயிலங்குளம். அப்பா வயல்காரர். வழக்கமாகக் கொழும்பில் இருந்து எங்கெங்கோ போகிற எனக்கு, வீட்டில் இருந்தே போய்வரக்கூடிய வேலை வந்தது அதுதான் முதல் தடவை. அம்மாவுக்குப் பெரிய சந்தோசம், விடியவே எழும்பிச் சோறு கட்டித் தந்தா. அப்பா முற்றத்தில் கிடந்த என் பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே வரிசையாகக் கண்ணாடிப் போத்தல்கள், எல்லாம் வெறும் போத்தல்கள்.

"இதுக்குள்ளை என்ன வரும்?" என்றார்.

"மண், அப்பா. ஒரு போத்தலுக்கு ஒரு பிடி."

வாசலில் வந்து நின்ற வாகனத்தையும் போத்தலையும் மாறி மாறிப் பார்த்தார். மூடியைக் கவனமாகத் திரும்பப் பூட்டி வைத்தார்.

"நாப்பது வருசமா நானும் மண்ணைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறன் பிள்ளை. எனக்கு ஒருத்தரும் வாகனம் அனுப்பேல்லை."

மணல் கொண்டுபோக வந்தவர்கள்

மன்னார்த் தீவில் யாராவது நிலத்தில் குழாய் இறக்கினால் சனம் சும்மா இராது. மணலுக்குள் ஏதோ விலை போகிற கனிமம் இருக்கிறதாம், அதை அள்ளிக்கொண்டு போனால் தீவே கடலுக்குள் போய்விடுமாம் என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. பயப்படக் காரணமும் உண்டு. அதனால் முதல் நாள் முதல் குழியில் சிவநேசன் துளைப்பானை முறுக்கத் தொடங்கிய பத்தாவது நிமிடம் ஐந்து மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன. முன்னுக்கு வந்தவர் சவிரி அண்ணை, மீனவர் சங்கத் தலைவர். பெரிய குரல்காரர்.

"ஆரைக் கேட்டுத் தோண்டுறியள்? மணல் கொண்டுபோக வந்தனீங்களோ?"

நான் கடிதத்தை நீட்டினேன். வாங்கவில்லை. கருவாட்டுச் சங்கத்துக்காகத்தான் என்று சொன்னேன், நம்பவில்லை. சிவநேசன் குழிக்குள் குனிந்துவிட்டான். வேறு வழியில்லாமல், எண்ணெய்த் தாங்கி மேடைக்குக் கீழிருந்து அப்போதுதான் எடுத்த மண்ணை அவரின் கையில் வைத்து, "இதைத்தான் கொண்டுபோறம் அண்ணை, மணந்து பாருங்கோ" என்றேன். (மணந்து பார்க்கச் சொல்வது எங்கள் தொழில் விதிப்படி குற்றம். தெரியும்.) அவர் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். டீசல் முகத்தில் அறைந்தது. கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு மற்ற நாலு பேரையும் திரும்பிப் பார்த்தார்.

"சரி. இதைக் கொண்டுபோறதெண்டா ஒரு பிடி இல்லை, முழுக்கக் கொண்டுபோங்கோ."

உள்ளூர் விலங்கினம்

எங்கெங்கே தோண்ட வேண்டும் என்று அளந்து, குச்சியில் சிவப்புத் துணி கட்டி, காணி முழுவதும் நட்டோம். ஒரு நாள் முழுக்க எடுத்த வேலை. அடுத்த நாள் காலையில் பாதிக் கொடிகளைக் காணவில்லை. யாரோ வேண்டாதவர் வேலை என்று சிவநேசன் கோபப்பட்டான். மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால், இரண்டு கழுதைகள் மிகவும் அமைதியாக நிற்கின்றன. ஒன்றின் வாயில் இருந்து சிவப்புத் துணி தொங்குகிறது. எங்களைக் கண்டும் மெல்லுவதை நிறுத்தவில்லை.

திரும்ப அளந்து முடிக்க இன்னொரு நாள் போகும் என்று கொழும்பில் இருக்கும் எங்கள் பெரியவருக்கு அறிவித்தேன். அவர் மன்னாருக்கு வந்ததே இல்லை. காரணத்தைக் கேட்டார். சொன்னேன்.

"வாணி, அறிக்கையில் கழுதை என்று எழுத வேண்டாம். 'உள்ளூர் விலங்கினத்தின் இடையூறு' என்று எழுதுங்கள்."

பதினாறாம் கேள்வி

மிச்சக் குழிகளைத் தோண்டுவதற்கு முன், அந்த இடத்தில் வேலை செய்தவர்களைக் கேட்டு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பக்டரியில் என்ஜின் ஓட்டிய பேதுரு ஐயா இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறார். எங்களுக்குக் கதிரை போட்டு, தானும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து இருந்தார். எந்த நாட்டு என்ஜின், எத்தனை குதிரை வலு, ஒரு நாளைக்கு எத்தனை ஐஸ் கட்டி என்று பதினைந்து கேள்விக்கும் மறுமொழி மணி மணியாக வந்தது. பதினாறாம் கேள்வி: எண்ணெய், எரிபொருள் ஏதும் நிலத்தில் சிந்தியதுண்டா?

பேதுரு ஐயா நிமிர்ந்து இருந்தார். "நான் நிண்ட காலத்திலை ஒரு துளி சிந்தேல்லை. வடிவா எழுதுங்கோ." நானும் 'இல்லை' என்று எழுதினேன். குசினிக்குள் பாத்திரம் கழுவுகிற சத்தம் சட்டென்று நின்றது. அவரின் மனைவி ஞானம்மா ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றா.

"எழுதினதை வெட்டு பிள்ளை. இந்த மனுசன்ர சாரத்தைப் பதினெட்டு வருசம் தோய்ச்சது நான். என்னட்டக் கேள்."

இரவு வேலைக்காரன்

ஞானம்மாவைக் கேட்டோம். என்ஜினில் இருந்து கழித்த கறுப்பு எண்ணெயை மாதா மாதம் அறைக்குப் பின்னால் பள்ளம் தோண்டி, அந்தக் கிடங்கில் ஊற்றி மணலால் மூடுவார்களாம். இடம் காட்டுகிறேன் என்று குடையைப் பிடித்துக்கொண்டு அவவே வந்தா. பேதுரு ஐயா பத்தடி பின்னால் வந்தார். இருபது வருடத்துக்கு மேல் பற்றை மண்டிக் கிடந்த காணியில், கொஞ்சமும் யோசிக்காமல் நேரே நடந்துபோய் ஓரிடத்தில் குடையை ஊன்றினா. "இதிலை நிண்டுதான் நான் சோத்துப் பார்சலோடை, சாரத்தை எண்ணெயாக்கிப்போட்டியள் எண்டு இவரைப் பேசினனான்."

சிவநேசன் துளைப்பானை இறக்கினான். முதல் அடி வெள்ளை மணல். இரண்டாம் அடியும் வெள்ளை மணல். "அம்மா, இடம் மாறிப்போச்சோ?" என்று சிரித்தான். மூன்றாம் அடியில் சிரிப்பு நின்றது. மேலே வந்தது தார் போலக் கறுத்து, வெயிலில் மினுங்கியது. அதிகாரபூர்வமான வரைபடங்களில் எதிலுமே இல்லாத கிடங்கை ஒரு குடை நுனி கண்டுபிடித்துவிட்டது. எல்லாரும் பேதுரு ஐயாவைப் பார்த்தோம். அவர் அந்த மண்ணைக் கனநேரம் குனிந்து பார்த்தார்.

"அது என்ர எண்ணெய் இல்லை. இரவு வேலைக்காரன்ர."

அத்தரும் கருவாடும்

கிடங்கு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்க்க எங்களிடம் ஒரு சின்ன மெசின் உண்டு. காற்றில் எண்ணெய் ஆவி கலந்திருந்தால் கீச்சுக் கீச்சென்று கத்தும். கிடங்கில் கத்தியது. கிடங்கைத் தாண்டித் தள்ளித் தள்ளித் தோண்டிய குழிகளில் மெல்ல மெல்ல அடங்கியது. பிறகு ஒரு குழியில், மண்ணில் ஒன்றுமே இல்லாதபோது, திடீரென்று வீரிட்டுக் கத்தத் தொடங்கியது. நிமிர்ந்து பார்த்தால், றோட்டோரத் தேத்தண்ணிக் கடை றமீஸ் நானா ஜும்மா முடிந்த கையோடு எங்களுக்குப் பிளேன்டீ கொண்டு வருகிறார். வெள்ளைச் சாரம், தொப்பி, மேலெல்லாம் அத்தர். கிட்ட வர வர மெசின் இன்னும் பெலத்துக் கத்தியது. அவர் தேத்தண்ணிப் போத்தலோடு இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றுவிட்டார். "நான் ஒண்டும் செய்யேல்லை மகள்!"

விசயத்தைச் சொன்னதும் முதலில் சிரித்தவர் அவர்தான். மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்ற றீத்தா அக்கா விடவில்லை. மெசினைத் தன் வளவுக்குக் கொண்டு வரச்சொல்லிப் பிடித்த பிடி. அங்கே சீலாவும் கட்டாவும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. எனக்கே மூச்சை அடக்க வேண்டியிருந்தது. மெசினைக் கருவாட்டுக்கு மேலே பிடித்தேன். பூச்சியம். கிட்டப் பிடித்தேன். அப்போதும் பூச்சியம். றீத்தா அக்கா இடுப்பில் கையை வைத்து வளவைச் சுற்றிப் பார்த்தா.

"அத்தருக்குக் கத்துது, கருவாட்டுக்குப் பேசாமல் இருக்குது. மெசினும் எங்கட சங்கந்தான்."

மறுமொழி இல்லாத கேள்வி

இதுவரை சிரித்தோம். கிடங்கில் இருந்து றீத்தா அக்காவின் கிணற்றுக்கு நாடாவைப் பிடித்தபோது சிரிப்புப் போய்விட்டது. முப்பத்தொரு மீற்றர். மணல் நிலத்தில் அது பெரிய தூரம் இல்லை. அந்தக் கிணற்றில்தான் சுற்றியிருக்கிற பன்னிரண்டு வீடும் குடிக்க அள்ளுகின்றன. தண்ணீரில் நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆனாலும் சோதனை முடிவு வரும்வரை குடிக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டியது என் கடமை. கிணற்றடியில் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன். பவுசர் லொறியில் தண்ணீர் வரும் என்றும் சொன்னேன். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாளியோடு வந்த ஒரு பெண், வந்த வழியே வெறும் வாளியோடு திரும்பிப் போனா.

றெஜினா என்று ஒரு பிள்ளை, வயிற்றில் ஏழு மாதம், முன்னுக்கு வந்தா. குரலை உயர்த்தவில்லை. "இனிக் குடிக்க மாட்டம் மிஸ். இவ்வளவு நாளும் குடிச்சது?"

எத்தனையோ ஊரில் எத்தனையோ கேள்விக்கு மறுமொழி சொன்னவள் நான். ஒன்றும் இருக்காது என்று சொல்ல வாய் உன்னியது. அப்படிச் சொல்வதற்கு எனக்கு ஒன்றும் தெரியாது என்பதும் தெரிந்தது. கையில் இருந்த பேனையின் மூடியைத் திறந்து திறந்து பூட்டிக்கொண்டு நின்றேன். றீத்தா அக்கா வந்து என் தோளில் கையை வைத்தா.

"தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லு பிள்ளை. பொய் மட்டும் சொல்லாதை, அது காணும்."

தெரியாது என்று சொன்னேன்.

நல்ல முன்னேற்றம்

கிணற்றுத் தண்ணீரையும் கிடங்குக்கும் கிணற்றுக்கும் இடையில் தோண்டிய மண்ணையும் அன்றைக்கே கொழும்புக்கு அனுப்ப வேண்டும். போத்தல்கள் போய்ச் சேரும்வரை ஐஸில் இருக்க வேண்டும், சூடேறினால் சோதனை செல்லாது. காலையில் மன்னார் ரவுணில் வாங்கிய ஐஸ் எங்கள் பெட்டிக்குள் வெறும் தண்ணீராகக் கிடந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் கடற்கரைக்கு ஓடினோம். அங்கே மூன்று வள்ளம் வைத்திருக்கிற ஒரு சம்மாட்டியார் ரவுணில் இருந்து வந்த ஐஸை இறக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன மீன் பிள்ளை? விளையோ பாரையோ?" என்று கேட்டுக்கொண்டே, காசு வேண்டாம் என்று கையைக் காட்டி, மீனுக்கு அடுக்குகிற மாதிரி அடியில் ஒரு படை போட அவரே பெட்டியைத் திறந்தார். உள்ளே பார்த்துவிட்டு அப்படியே நின்றார். "மண்", என்றேன். "ஐஸ் பக்டரி மண்." அவர் ஒரு போத்தலைத் தூக்கி வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார். பிறகு ஒன்றுக்கு இரண்டு படையாக, வடிவாக, இடைவெளி இல்லாமல் ஐஸைப் போட்டு மூடினார்.

"பக்டரி ஓடேக்கை மீனுக்கு ஐஸ் இஞ்சை இருந்தது. இப்ப மீனுக்கு ஐஸ் ரவுணிலை இருந்து வருது, பக்டரி மண்ணுக்கு நாங்கள் ஐஸ் குடுக்கிறம். நல்ல முன்னேற்றம்."

பொதி

முடிவு வர மூன்று கிழமை. முதல் கிழமை ஒவ்வொரு நாளும் காலை ஆறரைக்கு என் போன் அடிக்கும். றீத்தா அக்கா ஒரே ஒரு சொல்தான் கேட்பா: "வந்திட்டுதோ?" இல்லை என்றால், பவுசர் தண்ணீரில் போட்ட தேத்தண்ணி நீச்சல் குளத்தில் குடிக்கிற மாதிரி இருக்கிறது என்று ஒரு குறை, றெஜினா சுகம் என்று ஒரு செய்தி, அவ்வளவுதான். ஒரு கிழமைக்குப் பிறகு அழைப்பு நின்றுவிட்டது. பொறுமை வந்துவிட்டது என்று நினைத்தேன்.

பொறுமை வரவில்லை. என் கடிதத்தின் அடியில் இருந்த ஆய்வுகூட இலக்கத்தைப் பார்த்து, அங்கேயே நேரே போன் எடுக்கத் தொடங்கியிருக்கிறா. தென்பகுதி வியாபாரிகளுக்குக் கருவாடு விற்றுப் பழகிய சிங்களம் கைவசம் இருந்தது. ஆய்வுகூடத்தில் எங்கள் போத்தல்களுக்குப் பொறுப்பான நிலந்தி என்ற சிங்களப் பெண் எனக்குப் போன் எடுத்தா. அவவின் தமிழ் கொஞ்சம் கொஞ்சம்.

"மிஸ், அந்த றீத்தா அம்மா தினம் தினம் பேசுறது. இன்னைக்கு ஒரு பார்சல் வந்திருக்கு, உள்ள பெரிய கருவாடு. இது சாம்பிள் என்டு பதியிறதா, சமைக்கிறதா?"

கண்டறியப்படவில்லை

கோயில் மண்டபத்தில் கூட்டம். பன்னிரண்டு வீடும் வந்திருந்தது. கடற்கரைச் சனமும் வந்திருந்தது. றமீஸ் நானா கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். முடிவு முதல் நாள் பின்னேரமே என் கைக்கு வந்துவிட்டது. போனில் சொல்லாமல் நேரே வந்து சொல்ல வேண்டும் என்று இரவு முழுக்க வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். கிணற்றுத் தண்ணீரின் முடிவுத் தாளை விரித்து ஒவ்வொன்றாக வாசித்தேன். டீசல்: கண்டறியப்படவில்லை. என்ஜின் எண்ணெய்: கண்டறியப்படவில்லை. ஈயம்: கண்டறியப்படவில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்தேன். ஒருவரும் கைதட்டவில்லை. சவிரி அண்ணை எழும்பினார்.

"கண்டறியேல்லை எண்டா, நீங்கள் வடிவாத் தேடேல்லையோ?"

இருபது சோதனை அறிக்கை எழுதியவள், அந்தச் சொல் வெளியே எப்படிக் கேட்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. தாளை மடித்து வைத்தேன். "அண்ணை, தண்ணித் தாங்கி நிறைஞ்ச தண்ணிக்குள்ளை ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தாலும் பிடிக்கிற மெசினாலை தேடினது. இல்லை. அந்தக் கறுப்பு எண்ணெய் தடிப்பானது. கிடங்கிலை இருந்து ஒன்பது அடிதான் நகர்ந்திருக்கு. அதுவும் கடல் பக்கம். மேடைக்குக் கீழை கிடக்கிற டீசலும் அப்பிடித்தான். நிலத்துக்குக் கீழை தண்ணி ஓடுறதும் கடல் பக்கந்தான். கிணத்துப் பக்கம் அது வரவே இல்லை." பிறகு முன் வரிசையில் இருந்த றெஜினாவைப் பார்த்தேன். "இப்பவும் இல்லை, முந்தியும் இல்லை."

றீத்தா அக்கா எழும்பி வெளியே நடந்தா. ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் பின்னால் போனோம். கிணற்றடியில் வாளி இறங்கிய சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. முதல் செம்பை என் கையில் தந்தா. அத்தனை கண்ணும் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒரே மூச்சில் குடித்தேன். அடுத்த செம்பு றெஜினாவுக்கு. அவ மெல்ல, நிறுத்தி நிறுத்தி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தா.

"கொஞ்சம் உப்புத்தான். எண்டாலும் எங்கட தண்ணி."

அந்தச் சிரிப்போடு ஊரே கலகலத்துவிட்டது. கிடங்கு மண்ணையும் மேடைக்குக் கீழிருந்த மண்ணையும் தோண்டி லொறியில் ஏற்றிக் கொண்டுபோய், நல்ல மணல் போட்டு நிரப்பிய பிறகு காணி சங்கத்தின் கைக்கு வந்தது. ஆனால் விருந்து அதுவரை காத்திருக்கவில்லை, அன்றைக்கே நடந்தது: கிணற்றுத் தண்ணீரில் சோறு, விளைமீன் குழம்பு, பொரித்த கட்டாக் கருவாடு. சிவநேசன் மூன்று தரம் வாங்கினான்; பேதுரு ஐயா மறுபடியும் வெள்ளைச் சட்டையோடு வந்து பரிமாறினார்.

கெட்டதைத் தேடிக் கிழமைக் கணக்காய்க் குழி தோண்டி, அது கிடைக்கவில்லை என்று வந்து சொன்னவர்களுக்கு ஊர் கூடி விருந்து வைக்கிற தொழில் இதைவிட வேறு இருந்தால், சோறு ஆறுவதற்கு முன் எனக்கும் ஒரு சொல் சொல்லிவிடுங்கள்.